எஃகும் எட்டு மணி நேரமும்

வடநாட்டு விடுதியின் சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அமெரிக்காவில் போய் முடிந்தது. பொறியியல் படிக்கும் நம் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர்தாம்) இலையை விட்டு எழுந்தபடியே ஒரு தீர்ப்பை வழங்கினார். "நாற்பது ஆண்டுக்குள் ஓர் உழவர் நாடு உலகத்தின் முதல் தொழில் நாடாகிவிட்டது. எப்படி? அவர்கள் விஞ்ஞானத்தை நம்பினார்கள். நம்மைப் போல் கொடி பிடித்து இயந்திரத்தை நிறுத்தவில்லை" என்றார்.

நிறுத்தினார்கள் என்றேன். நம்மைவிடப் பலமாகவே நிறுத்தினார்கள் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்று சொல்ல நேரமில்லாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் இருந்த இருப்புப்பாதை ஏறக்குறைய 35,000 மைல். 1900இல் அது 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. 1870இல் அந்த நாடு செய்த எஃகு ஒரு லட்சம் டன்கூட இல்லை. 1900இலோ ஒரு கோடி டன்னுக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்து மலைக்காதவன் இரசாயனம் படிப்பதில் பொருளில்லை. நானும் மலைத்தவன்தான்.

எஃகு எப்படிப் பெருகியது என்பது நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்த முறையைப் புத்தகம் இரண்டு வரியில் தள்ளிவிடுகிறது. அதில்தான் சுவையே இருக்கிறது. உருகிய வார்ப்பிரும்பை ஓர் உலையில் வைத்து, நீண்ட கம்பியால் ஒருவன் கிளறிக்கொண்டே இருப்பான். இரும்பிலுள்ள கரி எரிந்து குறையக் குறைய அதன் உருகுநிலை ஏறும்; திரவமாய் இருந்தது களிபோல் இறுகும். எந்த விநாடியில் அதைத் திரட்டி உருண்டையாக்கி வெளியே எடுப்பது என்பதை அவன் கண்ணும் கையும்தான் சொல்லும். வெப்பமானி கிடையாது, பகுப்பாய்வு கிடையாது. ஒரு முறைக்குச் சில நூறு ராத்தல் இரும்பு. அந்த வித்தையை அறிந்தவன் ஆலைக்குள் அரசனைப்போல் நடந்தான் என்பதில் வியப்பில்லை. தன் உதவியாளனைத் தானே வைத்துக்கொள்வான். டன்னுக்கு இவ்வளவு என்று பேரம் பேசுவான். அவன் வேலையை முதலாளியால் செய்ய முடியாது, மேலாளராலும் முடியாது.

1856இல் பெஸ்ஸிமர் வந்தார். உருகிய இரும்பின் அடியிலிருந்து காற்றை ஊதினால் போதும். சிலிக்கனும் மாங்கனீசும் கரியும் பிராணவாயுவோடு கூடி எரியும். எரிவதால் எழும் வெப்பமே இரும்பை உருகிய நிலையில் வைத்திருக்கும். விறகும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம். பல டன் இரும்பு, இருபது நிமிஷத்துக்குள் எஃகு! இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றும் அந்தச் சமன்பாடுகளை எழுதும்போது ஒரு சிலிர்ப்பு உண்டு.

இந்த முறையைக் கொண்டு அமெரிக்காவில் பெரும் ஆலை கட்டியவர் ஆண்ட்ரூ கார்னகி. ஸ்காட்லாந்தில் ஒரு கைத்தறி நெசவாளிக்குப் பிறந்து, நீராவித் தறி வந்து தந்தையின் பிழைப்பு கெட்டதால் குடும்பத்தோடு கப்பலேறியவர். பிட்ஸ்பர்க்குக்கு அருகே பிராடக் என்னுமிடத்தில் 1875இல் அவர் ஆலை எஃகு வார்க்கத் தொடங்கியது. அவர் ஓர் இரசாயன நிபுணரையும் வேலைக்கு வைத்தார். ஃபிரிக்கே என்னும் அந்த ஜெர்மானியர் தாதுக்களைச் சோதித்து, உயர்ந்தவை என்று பெயர் பெற்ற சுரங்கங்கள் மட்டமானவை என்றும், மட்டமென ஒதுக்கப்பட்டவை உயர்ந்தவை என்றும் காட்டினார். மற்ற ஆலைக்காரர்கள் இரசாயன நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பது வீண் செலவு என்று கேலி செய்துகொண்டிருந்த காலம் அது. கார்னகி தம் சுயசரிதையில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நம் துறைத் தலைவர்கள் இந்தப் பகுதியை வேலை வாய்ப்பு அலுவலகத்தில் மாட்டி வைக்கலாம்.

இதுவரை என் நண்பரின் கட்சி. இனி என் கட்சி.

பிராடக்குக்கு எதிரே, மொனாங்கஹேலா ஆற்றின் மறு கரையில் ஹோம்ஸ்டெட் என்றோர் ஊர். அங்கிருந்த எஃகாலையை 1883இல் கார்னகி வாங்கினார். 1892இல் அதில் வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 3,800 பேர். அவர்களில் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சுமார் 800 பேர் மட்டுமே; அனைவரும் கைத்திறன் மிக்கவர்கள். மற்றவர்கள் கூலிகள். அவர்களிற் பெரும்பாலோர் ஸ்லோவாக்கியா, ஹங்கேரி போன்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்து, ஆங்கிலம் தெரியாமல், ஓர் அறையில் பலராகத் தங்கியவர்கள். மணிக்கு 14 சென்ட் கூலி. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும் நாளில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொடர்ச்சியாக இருபத்து நான்கு மணி நேரம். உலை அணைவதில்லை, ஆகையால் மனிதனும் அணையக் கூடாது!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெஸ்ஸிமர் உலை பன்னிரண்டு மணி நேர வேலையைக் கேட்கவில்லை. அது இருபத்து நான்கு மணி நேரத்தைக் கேட்டது. அதை இரண்டாகப் பிரிப்பதா மூன்றாகப் பிரிப்பதா என்பது இரசாயனத்தின் கேள்வியே அன்று. கார்னகியின் சொந்த ஆலையிலேயே இதற்குச் சான்று உண்டு. பிராடக் ஆலையை நடத்திய கேப்டன் ஜோன்ஸ், உலைக்களத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் எவனாலும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது என்று கண்டு, 1870களின் இறுதியில் எட்டு மணி நேர முறையைக் கொண்டுவந்தார். ஆலை நஷ்டப்படவில்லை; உற்பத்தியில் மற்ற ஆலைகளை வென்றது. பிறகு, மற்ற ஆலைக்காரர்கள் பன்னிரண்டு மணி நேரம் வாங்குகிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி 1888இல் கார்னகி பழையபடி பன்னிரண்டுக்கே திருப்பினார். அடுத்த ஆண்டு ஜோன்ஸ் ஓர் உலை வெடிப்பில் மாண்டார். ஒரே ஆலை, அதே உலைகள். மாறியது ஒரு மனிதரின் முடிவு.

ஹோம்ஸ்டெட்டுக்கு வருவோம். 1889இல் சங்கம் ஒரு போராட்டத்தில் வென்று மூன்றாண்டு ஒப்பந்தம் பெற்றிருந்தது. எஃகின் விற்பனை விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் டன் விலை 25 டாலருக்குக் கீழே போனாலும் கூலி அதற்குமேல் இறங்காது. இந்த அடித்தட்டுதான் ஒப்பந்தத்தின் உயிர். 1892 ஜூன் 30இல் அது முடிந்தது. கார்னகி ஸ்காட்லாந்துக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். பொறுப்பில் இருந்தவர் ஹென்றி கிளே ஃபிரிக். (இரசாயன நிபுணர் ஃபிரிக்கே வேறு, இவர் வேறு. ஓரெழுத்துதான் வித்தியாசம்; மற்றதெல்லாம் வித்தியாசம்.) அவர் அடித்தட்டை 22 டாலராக்க வேண்டும் என்றார், பின் 23க்கு வந்தார். சங்கம் 24க்கு இறங்கியது. ஒரு டாலர்தான் இடைவெளி! ஆனால் ஒப்பந்தம் முடியும் நாளை ஜூனிலிருந்து டிசம்பருக்கு மாற்ற வேண்டும் என்றும் ஃபிரிக் கேட்டார். நடுக்குளிரில் அடுப்புக்கு நிலக்கரி வாங்க வேண்டிய காலத்தில் எவன் வேலை நிறுத்தம் செய்வான்? ஒரு டாலரைவிட அந்தத் தேதியில்தான் சூட்சுமம் இருந்தது என்பது என் கருத்து.

ஃபிரிக்கின் வாதத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். கம்பெனி பெரும் பணம் போட்டுப் புது இயந்திரங்களை வைத்தது. அதனால் டன் கணக்கு ஏறியது. தொழிலாளி அதே உழைப்புக்கு அதிகக் கூலி பெறுகிறான். இது என்ன நியாயம்? கேட்கத்தக்க கேள்விதான். என் நண்பரும் இதையே கேட்பார். சங்கத்தினர் இயந்திரத்தை எதிர்க்கவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை. இயந்திரத்தால் வந்த ஆதாயத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். கம்பெனி, ஆதாயம் முழுதும் இயந்திரம் வாங்கியவனுக்கே என்றது. விஞ்ஞானத்துக்கும் அறியாமைக்கும் நடந்த சண்டையாக இதை எண்ணுவது பெரும் பிழை. விஞ்ஞானத்தின் விளைச்சலைப் பங்கிடுவதில் வந்த வரப்புச் சண்டை இது.

பேச்சு முறிவதற்கு முன்பே ஃபிரிக் ஆலையைச் சுற்றி மூன்று மைல் நீளத்துக்கு உயரமான பலகை வேலி எழுப்பி, மேலே முள்கம்பி இட்டு, இடையிடையே துளைகளும் விடச் செய்தார். ஊரார் அதற்கு 'ஃபிரிக் கோட்டை' என்று பெயரிட்டனர். பிறகு கதவடைப்பு. அப்போது, திறன் மிக்க 800 பேருக்காக மற்ற மூவாயிரம் கூலிகளும் வெளியே வந்து நின்றார்கள். இதை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சங்கம் அவர்களை உறுப்பினராக ஏற்றதில்லை. ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இருந்தும் வந்தார்கள்.

ஜூலை 6, விடிவதற்கு முன், பிங்கர்ட்டன் நிறுவனத்தின் 300 ஆட்கள் துப்பாக்கிகளோடு இரண்டு படகுகளில் ஆற்று வழியே வந்து இறங்கப் பார்த்தனர். முதற் குண்டைச் சுட்டவர் யார் என்பதில் இன்றும் ஒருமித்த முடிவில்லை. மாலைவரை சண்டை. தொழிலாளர் பக்கம் ஏழு பேர், பிங்கர்ட்டன் பக்கம் மூன்று பேர் மாண்டனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மாண்ட தொழிலாளரில் இங்கிலாந்திலிருந்து வந்தவரும் இருந்தார், ஸ்லோவாக்கியரும் இருந்தனர். சரணடைந்த பிங்கர்ட்டன் ஆட்களை ஊர் மக்கள், ஆணும் பெண்ணுமாக இரு வரிசையாய் நின்று, நடுவே நடக்கவிட்டு அடித்தனர். பணிந்தவனை அடிப்பது இழிவு. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை.

ஜூலை 12இல் கவர்னர் அனுப்பிய படை வந்தது: 8,000க்கும் மேற்பட்ட வீரர்கள். அதன் காவலில் ஆலை புதிய ஆட்களைக் கொண்டு ஓடத் தொடங்கியது. ஜூலை 23இல் அலெக்சாண்டர் பெர்க்மன் என்னும் இளைஞர், ஹோம்ஸ்டெட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர், ஃபிரிக்கை அவர் அறையிலேயே சுட்டார். ஃபிரிக் பிழைத்துக்கொண்டார், பிழைக்காதது தொழிலாளர்பால் நாட்டுக்கிருந்த அனுதாபம். தொழிலாளர் தலைவர்கள்மீது கொலை வழக்கு, தேசத் துரோக வழக்கு என்று அடுக்கினார்கள். ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் வழக்குக்குப் பணமும் கால் ஆண்டும் அரை ஆண்டும் போய்விட்டன. நவம்பர் 20இல் குளிரும் பசியும் வென்றன. சங்கத்தார் பலரின் பெயர்கள் கறுப்புப் பட்டியலில் ஏறின. 1900க்குள் கார்னகியின் எஃகாலைகளில் சங்கம் என்ற பெயரே இல்லை. மறுபடி அந்த ஆலைகளில் ஒரு சங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1937இல்.

ஹோம்ஸ்டெட் தனி நிகழ்ச்சி அன்று. 1877இல் ரெயில்வே கம்பெனிகள் கூலியைக் குறைத்தபோது நாடெங்கும் வண்டிகள் நின்றன; பிட்ஸ்பர்க்கில் படை சுட்டது, ரெயில் நிலையம் எரிந்தது. 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேரம் கேட்டார்கள். ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அதை எறிந்தவர் யார் என்று தெரியாமலேயே நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அந்த மே மாதத்தின் நினைவைத்தான் 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடினார் என்பது நம் சங்கத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனிக் கார்னகி. 1886இல் அவர் ஒரு பத்திரிகையில் தொழிலாளர் சங்கங்களை ஆதரித்துக் கட்டுரைகள் எழுதியவர். ஒருவன் வேலையை மற்றொருவன் பறித்தல் ஆகாது என்பதைத் தொழிலாளரின் வேதக் கட்டளை என்றே எழுதியவர். ஆறே ஆண்டில் அவர் ஆலையில் ஆயிரக்கணக்கானோரின் வேலை பறிபோயிற்று. தாம் ஊரில் இல்லை என்று பின்னர் வருந்தினார். ஆனால் அவர் ஃபிரிக்குக்கு எழுதியவற்றில் ஆதரவே இருக்கிறது. 1901இல் தம் கம்பெனியை மார்கனுக்கு 48 கோடி டாலருக்கு விற்றார். உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூல் நிலையங்களுக்குப் பணம் கொடுத்தார். ஹோம்ஸ்டெட்டுக்கும் 1898இல் ஒரு நூல் நிலையம் கிடைத்தது. அழகான கட்டடம், இசை அரங்கும் நீச்சல் குளமும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நின்றவன் எந்த நேரத்தில் போய் எந்தப் புத்தகத்தைப் படிப்பான்? நூல் நிலையத்தை நான் இழிக்கவில்லை. நூல் நிலையங்களால் வளர்ந்தவன் நான். ஆனால் படிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தார் என்ற குறை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

"அன்று வேறு வழியில்லை, வளரும் நாடு அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்" என்பது நண்பரின் கடைசி அம்பு. அதற்கு விடை அமெரிக்காவில் இல்லை; நம் நாட்டிலேயே இருக்கிறது. 1902இல் ஜம்ஷெட்ஜி டாடா எஃகாலை காண அமெரிக்கா சென்றபோது பிட்ஸ்பர்க்கில் யோசனை கேட்டவர்களுள் ஜூலியன் கென்னடி ஒருவர். அவர் 1880களில் கார்னகியின் ஆலைகளில், ஹோம்ஸ்டெட் உட்பட, மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த வழியில் வந்த அறிவைக் கொண்டு எழுந்த ஜம்ஷெட்பூர் ஆலையில் 1912இலேயே எட்டு மணி நேர வேலை வந்துவிட்டது. கார்னகியின் ஆலைகளைக் கொண்டு எழுந்த அமெரிக்கக் கம்பெனியோ 1923வரை பன்னிரண்டு மணி நேரத்தை விடவில்லை. வளரத் தொடங்கிய நாடு, அதுவும் அடிமைப்பட்டிருந்த நாடு, கொடுக்க முடிந்ததை, உலகிலேயே பெரிய எஃகுக் கம்பெனியால் பதினோரு ஆண்டுக் காலம் கொடுக்க முடியவில்லையாம்! ஜம்ஷெட்பூர் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 1920இலும் 1922இலும் 1928இலும் அங்கே பெரும் வேலை நிறுத்தங்கள் நடந்தன. ஆனால் 'முடியாது' என்ற சொல் அங்கே பொய்த்தது.

இதில் எனக்கென்ன இவ்வளவு சூடு என்று நண்பர் கேட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தை சேலத்துப் பக்கமிருந்து இளவயதில் வடக்கே வந்தவர். ஒரு சிறிய உருட்டாலையில் ஒப்பந்தக்காரரின் ஆள். செக்கச் சிவந்த கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிடுவது அவர் வேலை. பன்னிரண்டு மணி நேரம். இடக்கை முழங்கைக்குக் கீழே ஒரு பாம்பு படுத்ததுபோல் தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்று சிறுவயதில் கேட்டபோது, "கம்பி கொஞ்சம் கோவிச்சுக்கிச்சுப்பா" என்றார். அந்த மாதம் பத்து நாள் கூலி வரவில்லை என்பதை அம்மா சொல்லித்தான் தெரியும்.

சென்ற விடுமுறையில் ஹோம்ஸ்டெட் கதையை அவருக்குச் சொன்னேன். முழுதும் கேட்டார். நான் எதிர்பார்த்தது ஒன்று. அவர் கேட்டது வேறு. "எட்டு மணி நேரம் சரிப்பா. மீதி நாலு மணி நேரக் கூலியை யார் தருவா?" என்றார். என்னிடம் உடனே பதில் இல்லை. எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடக்க வேண்டும் என்பதுதான் சிகாகோவிலும் கேட்கப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குப் பத்து மணி நேரக் கூலி கேட்டவர்களும் அங்கே இருந்தார்கள். இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று கடைவீதியும் திரையரங்கும் இருக்கின்றன. ஒரு வரிசைச் செங்கல் புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். படகுகள் வந்து நின்ற இடத்தருகே பழைய நீரேற்று நிலையமும் நிற்கிறது. நூல் நிலையம் இன்றும் நடக்கிறது.

நண்பர் இந்தக் கட்டுரையைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்தார். கேப்டன் ஜோன்ஸ் பற்றிய பகுதியை மட்டும் ஒப்புக்கொள்கிறாராம். மற்றவற்றுக்கு அடுத்த இதழில் மறுப்பு எழுதுவதாகச் சொல்லி, ஆசிரியரிடம் நான்கு பக்கம் இடமும் கேட்டு வைத்திருக்கிறார்.